குறித்த நாளும் விழித்திருக்கும் அன்பும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. திருவருகைக் காலம் நான்காம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. நற்செய்தி: லூக்கா 1: 39-45)



திருவருகைக் காலத்தின் கடைசி ஞாயிறு இது. நான்காவது மெழுகுதிரியையும் ஏற்றிவிட்டோம். குடில் கட்ட வைக்கோலும் வந்து சேர்ந்துவிட்டது. இன்றைய நற்செய்தியில் கருவுற்றிருக்கும் இரண்டு பெண்களைச் சந்திக்கிறோம். ஒருவர் முதிர்ந்த வயதில் ஆறு மாதக் கர்ப்பிணியாக இருக்கும் எலிசபெத்து. மற்றவர் இப்போதுதான் கருவுற்றிருக்கும் இளம்பெண் மரியா. யூதேய மலைநாட்டில், ஒரு வீட்டு வாசலில், இருவரும் ஒருவரையொருவர் கண்டு வாழ்த்துகிறார்கள்.

இந்த நாள்களையொட்டி, டிசம்பர் 18-ஆம் தேதி, அன்னை மரியாவுக்கு ஒரு பழமையான திருநாள் வருகிறது. 656-ஆம் ஆண்டு, ஸ்பெயின் நாட்டின் தொலேதோ நகரில் கூடிய சங்கம், கிறிஸ்து பிறப்பு விழாவுக்குச் சரியாக ஒரு வாரம் முன்னதாக இந்த நாளை அன்னைக்கென ஒதுக்கியது. பிற்காலத்தில் அது பேறுகாலத்தை எதிர்நோக்கிக் காத்திருக்கும் அன்னையின் திருநாள் ஆயிற்று. சென்னை பரங்கிமலையின் உச்சியில், 1523-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் கட்டிய ஆலயம் இந்த அன்னையின் பெயரையே தாங்கி நிற்கிறது. படியேறிப் போய் அங்கே செபித்தவர்கள் நம்மில் பலர். ஆனால் அந்தப் பெயரின் பொருளை எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்போம்? நிறைமாதக் கர்ப்பிணியாக, இன்றோ நாளையோ என்று காத்திருக்கும் ஒரு பெண்ணின் பெயர் அது.

அப்படிக் காத்திருக்கும் பெண்கள் நம் பங்கிலும் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு மருத்துவர் ஒரு தேதியைக் குறித்துக் கொடுத்திருப்பார். "இந்தத் தேதிக்குள் வலி வராவிட்டால் வந்து சேர்ந்துவிடுங்கள், மருந்து வைத்து வலி வரவழைப்போம்" என்று சொல்லியிருப்பார். தானாக வரும் வலி எந்த நேரத்தில் வரும் என்று தெரியாது. அதனால் அதை எண்ணி எண்ணிப் பயப்படவும் அவ்வளவாக நேரம் இருக்காது. தேதி குறித்துவிட்டாலோ அந்தத் தேதியை நோக்கி ஒவ்வொரு இரவும் நகர வேண்டியிருக்கிறது. அந்த இரவுகளைப் பற்றித்தான் இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறோம். இது பெண்கள் காரியம் என்று ஆண்கள் யாரும் வானொலியை நிறுத்திவிட வேண்டாம். உங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

அன்பார்ந்தவர்களே, முதலில் பங்கு அருள்பணியாளர்களாகிய நாங்கள் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, புனித அந்தோணியார் நவநாள் திருப்பலி முடிந்ததும் ஓர் இளம் தம்பதியர் எங்களைத் தேடி வந்தனர். தலைப்பிரசவம். குறித்த நாள் கடந்து ஐந்தாறு நாள்கள் ஆகியிருந்தன. அந்தப் பெண் ஆசீர் கேட்டுத் தலைகுனிந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "சாமி, வெள்ளிக்கிழமை காலையில வந்து அட்மிட் ஆகச் சொல்லிட்டாங்க. வலி வர மருந்து வைக்கப் போறாங்களாம். எனக்குப் பயமா இருக்கு."

நாங்கள் சொன்ன பதில் இதுதான்: "விசுவாசம் இருக்கிற இடத்துல பயத்துக்கு வேலை இல்லம்மா. மாதா பாத்துப்பாங்க. தைரியமா போ." சொல்லிவிட்டு, ஆசீர் கொடுத்து, அடுத்து நின்றவரைப் பார்க்கத் திரும்பிவிட்டோம். நல்ல பதில் சொன்னதாகவே நினைத்துக்கொண்டோம்.

அந்தப் பதில் அவளை என்ன செய்தது என்பது பின்னர்தான் தெரிந்தது. அன்றிரவிலிருந்து அவள் யாரிடமும் பயத்தைப் பற்றிப் பேசவில்லையாம். தாய் கேட்டால், "ஒண்ணுமில்லம்மா" என்பாள். கணவர் கேட்டால், "தூங்குங்க" என்பாள். நள்ளிரவில் எழுந்து படுக்கையில் உட்கார்ந்திருப்பாள். ஏற்கெனவே இருந்த பயத்தோடு இன்னொரு பாரத்தையும் நாங்கள் ஏற்றிவிட்டிருந்தோம். 'பயப்படுகிறேன் என்றால் எனக்கு விசுவாசம் இல்லை போலிருக்கிறது' என்பதே அந்தப் பாரம்.

இது சரியான போதனையா? நற்செய்தியைப் புரட்டிப் பார்ப்போம்.

தமக்கென்று ஒரு நேரம் குறிக்கப்பட்டிருப்பதை அறிந்த ஒருவர் நற்செய்தியில் இருக்கிறார். அவர் நம் ஆண்டவர் இயேசு. மறுநாள் தமக்கு என்ன நேரும் என்று வியாழன் இரவே அவருக்குத் தெரியும். அந்த இரவில் அவர் எப்படி இருந்தார்? கெத்சமனித் தோட்டத்தில் அவர் திகிலுற்று, மனம் கலங்கினார் என்று மாற்கு எழுதுகிறார். அவரது வியர்வை இரத்தத் துளிகளைப்போல் தரையில் விழுந்தது என்று லூக்கா எழுதுகிறார். இந்தத் துன்பக் கிண்ணம் அகலக் கூடுமானால் அகலட்டும் என்று தந்தையிடம் கேட்டார். ஒருமுறை கேட்டதோடு நிற்கவில்லை. மூன்று முறை அதே சொற்களால் வேண்டினார் என்கிறார் மத்தேயு. இறைமகனுக்கே விசுவாசம் குறைந்துவிட்டது என்று நாம் சொல்வோமா?

ஆகவே, குறித்த நேரத்துக்கு முன் நெஞ்சு கலங்குவது பாவம் அல்ல. நம்பிக்கையின்மையும் அல்ல. நம் ஆண்டவரே அந்த வழியாகக் கடந்து போயிருக்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே வியாழன் இரவில், இராவுணவு முடிந்து சீடர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது, தமது பாடுகளையும் அதன் பின் வரும் மகிழ்ச்சியையும் விளக்க இயேசு ஓர் உவமையைத் தேடினார். அரசனையோ போர்வீரனையோ அவர் எடுத்துக்காட்டவில்லை. பிள்ளை பெறும் பெண்ணை எடுத்துக்காட்டினார். தன் நேரம் வந்துவிட்டதால் அவள் துயருறுகிறாள், பிள்ளை பிறந்ததும் அந்த வேதனை அவள் நினைவில் நிற்பதில்லை என்ற கருத்தை யோவான் 16-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். யோவான் நற்செய்தியில் இயேசுவின் 'நேரம்' என்பது அவரது பாடுகளையும் மகிமையையும் குறிக்கும் சொல். அந்தச் சொல்லையே பிரசவ வேதனைப்படும் பெண்ணுக்கும் அவர் கொடுத்திருக்கிறார். 'உன் நேரம் என்ன என்று எனக்குத் தெரியும் மகளே' என்று ஆண்டவரே சொல்வதுபோல் அல்லவா இருக்கிறது!

சரி, அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று?

அவர்கள் தெருவில் ஒரு மூதாட்டி இருந்தார். நகராட்சி மகப்பேறு மனையில் பல்லாண்டு ஆயாவாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை 'ஆயாம்மா' என்றுதான் கூப்பிடும். வியாழக்கிழமை இரவு, ஒரு பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் அந்த வீட்டுக்கு வந்தாராம்.

"பயமா இருக்கா கண்ணு?"

"இல்ல ஆயாம்மா."

"பொய் சொல்லாத. பயமாத்தான் இருக்கும். எதுக்கெல்லாம் பயப்படுற, ஒண்ணொண்ணாச் சொல்லு."

அவள் அழத் தொடங்கினாள். அழுது முடித்ததும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆயாம்மா விரல் விட்டு எண்ணினார். எல்லாவற்றையும் கேட்டபின், "இதுல பாதி டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது. கொஞ்சம் உங்க வீட்ல சொல்ல வேண்டியது. மிச்சம் ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்ல வேண்டியது" என்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்தாராம். எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய், இறையியல் படித்த எங்களைவிட நன்றாக அன்று மேய்ப்புப்பணி செய்தார். அவர் பிரித்த அதே மூன்று பங்காக நாமும் சிந்திப்போம்.

முதலாவது, மருத்துவரிடம் கேட்க வேண்டியவை.

தெரியாத பயத்துக்கு உருவம் பெரிது. தெரிந்துகொண்டால் பாதி குறைந்துவிடும். எனக்கு ஏன் இது தேவைப்படுகிறது, எப்படிச் செய்வீர்கள், எவ்வளவு நேரம் ஆகும், வலியைத் தாங்க முடியாவிட்டால் என்ன வழி, மருந்துக்கு வலி வராவிட்டால் அடுத்து என்ன? இந்த ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. வானதூதரிடமே, இது எப்படி நிகழும் என்று மரியா கேட்டார். தூதரும் கோபிக்கவில்லை, விளக்கம் சொன்னார்.

பொதுவான காரணங்கள் பல. 41 வாரம் நிறைந்தும் வலி தொடங்காத தாய்மாருக்கு இப்படி வலியைத் தூண்டுவதை உலக நலவாழ்வு நிறுவனமே பரிந்துரைக்கிறது. தாய்க்கு இரத்த அழுத்தம் கூடியிருக்கலாம், சர்க்கரை இருக்கலாம், பனிக்குடம் உடைந்தும் வலி வராமல் இருக்கலாம். கருப்பையின் வாய் இளகுவதற்கு ஜெல் அல்லது மாத்திரை வைப்பார்கள். சில இடங்களில் சிறு பலூன் பொருத்திய குழாயை வைப்பார்கள். பிறகு தேவைப்பட்டால் பனிக்குடத்தை உடைத்து, டிரிப்ஸ் வழியாக மருந்து செலுத்துவார்கள். இடையிடையே குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். காலையில் சேர்ந்தால் மாலையில் குழந்தை என்று எண்ண வேண்டாம். தலைப்பிரசவத்தில் ஒரு நாள், சில வேளை இரண்டு நாள்கூட ஆகும். இது முன்கூட்டியே தெரிந்திருந்தால், 'இவ்வளவு நேரம் ஆகிறதே, ஏதோ தவறு' என்ற பயம் வராது. வலி கடுமையாக இருக்கலாம் என்பது உண்மைதான். வலியைக் குறைக்க அந்த மருத்துவமனையில் என்ன வசதி உண்டு என்று முன்னதாகவே கேட்டுவைப்பது நல்லது.

"மருந்து வச்சா கடைசியில ஆபரேஷன்தான்" என்று தெருவில் ஒருவர் சொல்லியிருப்பார். அறுவை சிகிச்சை தேவைப்படும் நேரங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மருந்து வைத்தாலே அறுவைதான் என்பது உண்மை அல்ல. 2018-ஆம் ஆண்டு அமெரிக்காவில், சிக்கல் எதுவும் இல்லாத ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்பிரசவத் தாய்மாரிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளியாயிற்று. 39-ஆம் வாரத்தில் வலி தூண்டப்பட்டவர்களில் 18.6 விழுக்காட்டினருக்கும், தானாக வலி வரட்டும் என்று காத்திருந்தவர்களில் 22.2 விழுக்காட்டினருக்கும் அறுவை தேவைப்பட்டது. ஒவ்வொரு தாயின் நிலையும் வேறு. உங்கள் நிலையை உங்கள் மருத்துவரே சொல்வார். தெருப்பேச்சை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஓர் அவசரக் குறிப்பையும் சொல்லிவிடுகிறோம். தேதி குறித்திருக்கிறார்களே என்று அதுவரை காத்திருக்கக் கூடாத நேரங்கள் உண்டு. குழந்தையின் அசைவு குறைந்ததுபோல் தோன்றினாலும், உதிரம் பட்டாலும், நீர் உடைந்தாலும், கடும் தலைவலியோ பார்வை மங்கலோ வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நள்ளிரவானாலும் 108-ஐ அழையுங்கள். அதேபோல், நாள்கணக்கில் தூக்கமே இல்லை, நெஞ்சு படபடக்கிறது, வாழவே பிடிக்கவில்லை என்ற அளவுக்குப் பயம் முற்றினால், அதையும் மருத்துவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு. வெட்கப்பட ஒன்றுமில்லை.

இங்கே நம்பிக்கையுள்ள சிலருக்கு ஒரு மனக்குழப்பம் எழுகிறது. கடவுள் குறித்த நேரத்தை மனிதர் மருந்து வைத்து மாற்றலாமா என்று கேட்கிறார்கள். சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. அவரைப் படைத்தவர் ஆண்டவரே என்கிறது. மருந்துகளை நிலத்திலிருந்து உண்டாக்கியவரும் அவரே என்கிறது. முதலில் மன்றாடு, பிறகு மருத்துவருக்கு இடம் கொடு என்பதே அதன் அறிவுரை. டிரிப்ஸில் செலுத்தப்படும் ஆக்சிடோசின் என்ற மருந்து, பிரசவ நேரத்தில் தாயின் உடல் தானே சுரக்கும் அதே பொருள்தான். 1953-இல் வின்சென்ட் டு விக்னோ என்ற அமெரிக்க வேதியியல் அறிஞர் அதை ஆய்வகத்தில் உருவாக்கினார். 1955-இல் நோபல் பரிசும் பெற்றார். கடவுள் பெண்ணின் உடலில் எழுதிவைத்ததை மனிதர் படித்து, எடுத்து எழுதியிருக்கிறார்கள், அவ்வளவே. ஆனால் ஒன்று. தாய்க்கோ சேய்க்கோ தேவை இருப்பதால் மருத்துவர் தேதி குறிப்பது வேறு. நட்சத்திரமும் நல்ல நேரமும் பார்த்து நாம் போய் மருத்துவரை நெருக்குவது வேறு. இரண்டாவது நமக்கு வேண்டாம்.

இரண்டாவது, வீட்டாரிடம் சொல்ல வேண்டியவை.

அந்தப் பெண் எண்ணிய விரல்களில் இரண்டு வீட்டைப் பற்றியவை. "எனக்குத் தானா வலி வரலையேன்னு அத்தை என்னைக் குறைவா நினைப்பாங்களோ?" என்பது ஒன்று. "லேபர் வார்டுல தனியா விட்டுடுவாங்களோ?" என்பது இன்னொன்று.

மாமியார்களே, தாய்மார்களே, அக்கம்பக்கத்துச் சகோதரிகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். "எங்க காலத்துல இதெல்லாம் ஏது, களை எடுத்துட்டு வந்து பெத்தோம்" என்ற பேச்சு இந்த நேரத்தில் வேண்டாம். அந்தக் காலத்தில் பெற்றவர்களைப் பற்றி மட்டும் பேசுகிறோம். பெறும்போதே இறந்தவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. யாருக்கு எப்படிக் கிழிந்தது, யார் எத்தனை மணிநேரம் கதறினாள் என்ற கதைகளையும் தள்ளி வையுங்கள். தானாக வலி வராதது எந்தப் பெண்ணின் குறையும் அல்ல. கணக்கிட்ட தேதியில் சரியாகப் பிறக்கும் குழந்தைகள் மிகச் சிலரே.

மரியாவை நினைத்துப் பாருங்கள். நம் வழக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். மரியா தாய்வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. எங்கோ உரோமையில் இருந்த அகுஸ்து சீசர் ஒரு கட்டளையிட்டார். அதனால் நிறைமாதத்தில் பெத்லகேமுக்குப் பயணம். தொட்டில் இருக்க வேண்டிய இடத்தில் தீவனத் தொட்டி. அவர் நினைத்திருந்தபடி எதுவும் நடக்கவில்லை. ஆயினும் அவர் தனியாக இல்லை. யோசேப்பு இருந்தார். நற்செய்திகள் நான்கிலும் யோசேப்பு பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. கணவர்களே, உங்கள் மனைவிக்குப் பெரிய ஆறுதல்மொழி எதையும் நீங்கள் தேட வேண்டியதில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு உடனிருங்கள். பணத்துக்கு என்ன ஏற்பாடு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தக் கவலையாவது அவளுக்கு இல்லாமல் போகட்டும். பிரசவ அறையில் உறவுப் பெண் ஒருவர் உடனிருக்க நம் மாநிலத்து அரசு மருத்துவமனைகளில் இடமுண்டு. யார் இருப்பது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

மூன்றாவது, ஆண்டவரிடம் மட்டும் சொல்லக் கூடியவை.

'என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?' இந்தப் பயத்துக்கு மருத்துவரும் முழுப் பதில் தர முடியாது. நாங்களும் தர முடியாது. இன்று இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரிகளில், கருவிலேயே இறந்துபோன குழந்தையைப் பெற்றெடுக்க இப்படி மருந்து வைக்கப்பட்டவர்களும் இருப்பீர்கள். அந்த அறையின் அமைதியை நீங்கள் மறக்கவில்லை. திருஅவையும் உங்களை மறக்கவில்லை. ஆகவே, எல்லாம் நினைத்தபடியே நடக்கும் என்று யாருக்கும் நாங்கள் வாக்குக் கொடுக்கத் துணியமாட்டோம்.

ஆனால் யாரிடம் இதைச் சொல்கிறோம் என்பது முக்கியம். 22-ஆம் திருப்பாடலில் கடவுள் ஒரு மருத்துவச்சியாக வருகிறார். தாயின் வயிற்றிலிருந்து என்னை வெளிக்கொணர்ந்தவர் நீரே என்று பாடுகிறார் திருப்பாடல் ஆசிரியர். சிலுவையில் தொங்கியபோது இயேசு சொல்லி மன்றாடியது இந்தத் திருப்பாடலின் முதல் வரியைத்தான். கைவிடப்பட்டதுபோல் உணர்ந்த வேளையிலும் அவர் கையில் எடுத்தது, கடவுளின் கைகள் குழந்தையை ஏந்தும் செபம். எசாயா 66-ஆம் அதிகாரத்தில், பேறுகாலம் வரை கொண்டுவந்த நான் பிள்ளையைப் பிறக்கச் செய்யாமல் விடுவேனா என்ற பொருளில் ஆண்டவரே கேட்கிறார்.

நீண்ட செபம் சொல்ல இயலாத நேரம் அது. மூச்சை உள்ளே இழுக்கும்போது 'இயேசுவே' என்றும், மெல்ல வெளியே விடும்போது 'என்னோடு இரும்' என்றும் மனத்துக்குள் சொன்னால் போதும். ஒரே சொற்களை மூன்று முறை சொல்லி வேண்டியவர் அதைப் புரிந்துகொள்வார். மகப்பேற்றுக்கு முன் தாயை ஆசீர்வதிப்பதற்கென்றே நம் திருஅவையின் ஆசீர் நூலில் ஒரு சடங்கு இருக்கிறது. மருத்துவமனைக்குப் புறப்படுமுன் பங்கு இல்லத்துக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். நாங்கள் உங்கள் வீட்டுக்கே வருகிறோம். இனி அவசரமாகத் திரும்பிக்கொள்ளமாட்டோம்.

அன்பார்ந்தவர்களே, கவலைப்பட வேண்டாம் என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுலடியாரின் சொல்லை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். அதே பவுல், தம் சபைகள் எல்லாவற்றையும் பற்றிய கவலை நாள்தோறும் தம்மை அழுத்துகிறது என்று கொரிந்தியருக்கு எழுதியதை மறந்துவிடுகிறோம். கவலையை விலக்கி வைத்துவிட்டு என்னிடம் வா என்று கடவுள் சொல்லவில்லை. கவலையோடு வா, அதை என்னிடம் கொடு என்கிறார்.

இனி நம் அனைவருக்குமான பகுதிக்கு வருவோம். கெத்சமனியில் இயேசு தம் நண்பர்களிடம் கேட்டது என்ன? என்னோடு விழித்திருங்கள் என்பதுதான். அவர்களால் ஒரு மணி நேரம்கூட முடியவில்லை. தூங்கிவிட்டார்கள். 'பயப்படாதே' என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போவது எளிது. செவ்வாய்க்கிழமை நாங்கள் செய்தது அதுதான். வியாழன் இரவு பாயோடு வந்த ஆயாம்மா செய்தது வேறு.

இன்றைய நற்செய்தியில் மரியா செய்ததும் அதுவே. அஞ்ச வேண்டாம் என்று மரியாவுக்குச் சொன்ன வானதூதர் கபிரியேல் அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொள்ளவில்லை. உன் உறவினர் எலிசபெத்துக்கு இது ஆறாம் மாதம் என்று ஒரு பெண்ணின் பெயரையும் சொல்லிவிட்டுப் போனார். மரியா விரைந்து புறப்பட்டார். ஏறக்குறைய மூன்று மாதம் எலிசபெத்தோடு தங்கினார் என்கிறார் லூக்கா. ஆறும் மூன்றும் ஒன்பது. கணக்குப் பார்த்தால், எலிசபெத்தின் கடைசி மாதங்கள் முழுவதும் மரியா அந்த வீட்டில் இருந்திருக்கிறார். விடுதலைப் பயண நூலின் முதல் அதிகாரம், எகிப்தில் குழந்தைகளைக் காப்பாற்றிய மருத்துவப் பெண்கள் இருவரின் பெயரை, சிப்ரா என்றும் பூவா என்றும் எழுதி வைத்திருக்கிறது. அவர்களை மிரட்டிய பார்வோனின் பெயரை எழுதவில்லை. பேறுகாலத்தில் ஒரு பெண்ணின் அருகில் இருப்பவரைக் கடவுள் அவ்வளவு மதிக்கிறார்.

அந்த இளம்பெண்ணின் கதையை முடித்துவிடுகிறோம். வெள்ளி காலை மருத்துவமனையில் சேர்ந்தாள். ஜெல் வைத்தார்கள். மாலை வரை பெரிதாக ஒன்றும் இல்லை. சனிக்கிழமை டிரிப்ஸ் ஏற்றினார்கள், வலி வந்தது. இரவில் குழந்தையின் இதயத் துடிப்பு குறையத் தொடங்கியதால் அறுவை சிகிச்சை செய்தார்கள். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். அவள் அஞ்சியவற்றுள் ஒன்று நடக்கத்தான் செய்தது. அறுவை வழியாகப் பிறந்த குழந்தையும் பெற்ற குழந்தைதான். அந்தத் தாயும் முழுத் தாய்தான்.

குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்த அன்று, நாங்கள் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பயம் கடைசி வரைக்கும் போகல சாமி. ஆனா அந்த ராத்திரியிலேருந்து நான் தனியா இல்ல." ஞானத்தாயாக அருகில் நின்று குழந்தையை ஏந்தியிருந்தவர் ஆயாம்மா.

இந்த வாரம் உங்கள் தெருவில், உங்கள் உறவில், தேதி குறிக்கப்பட்ட ஒரு பெண் இருக்கிறாளா என்று பாருங்கள். 'பயமா இருக்கா?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை உட்காருங்கள்.

மன்றாடுவோம்.

கெத்சமனியில் கலங்கிய ஆண்டவராகிய இயேசுவே, குறித்த நாளை எண்ணிக் கலங்கும் எங்கள் சகோதரிகளை உமது இதயத்தில் வைத்துக்கொள்ளும். மருத்துவர்களின் கைகளுக்கும், செவிலியரின் கண்களுக்கும் தெளிவைத் தாரும். உடனிருப்போருக்குப் பொறுமையைத் தாரும். பிள்ளையை இழந்து வருந்தும் தாய்மாரைத் தேற்றும். தூங்கிப்போகும் எங்களை எழுப்பி, ஒரு மணி நேரமாவது உம்மோடும், உம்மைப்போல் கலங்குவோரோடும் விழித்திருக்கச் செய்யும். காத்திருக்கும் அன்னையே, எங்கள் மகளிரின் அருகில் இரும்.

தந்தை, மகன், தூய ஆவியாராகிய எல்லாம் வல்ல இறைவன் உங்கள் அனைவரையும், பிறக்கவிருக்கும் உங்கள் குழந்தைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.